முந்திக்கொண்ட பொறி

1

"ஐயோ...! யாராச்சும் ஓடியாங்களேன்...!"

குரும்பலூரின் காலை நேரத்தை அந்த அலறல் இரண்டாகக் கிழித்தது.

களத்தில் சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே எழுந்தார்கள்.

"சாமிதுரை வூட்டு பக்கம்தான்டீ சத்தம்!"

வீட்டிலிருந்து இல்லை. வீட்டை ஒட்டியிருந்த தகர ஷெட்டிலிருந்து!

முதலில் ஓடிப்போனவர் அமாவாசை. சாமிதுரையின் மக்காச்சோளக் காட்டில் பல வருஷமாக வேலை பார்ப்பவர்.

ஷெட் வாசலில் அவருடைய கால்கள் நின்றுபோயின.

உள்ளே பாட்டில் பச்சை நிறத்தில் ஒரு மோரிஸ் மைனர் கார். அறுபது, எழுபது வருஷத்துப் பழசு. ஆனால் நேற்று வாங்கியதுபோல் பளபளத்தது.

அந்தக் காரின் மூக்குக்கு முன்னால் சாமிதுரை மல்லாந்து கிடந்தார்.

நெற்றிப்பொட்டில் ஒரு பிளவு. சிமெண்ட் தரையில் ரத்தம் குளம் கட்டியிருந்தது.

பக்கத்திலேயே காரைக் கையால் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில்... அதன் முனையிலும் ரத்தம்!

சாமிதுரையின் மனைவி ஜெயலட்சுமி அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் அலறவில்லை. வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... அய்யாவுக்கு என்னாச்சும்மா?"

அவள் அந்தத் தலையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து தெருவில் ஒரு கார் உறுமியது. அமாவாசை திரும்பினார்.

மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பெரம்பலூர் ரோட்டில் பறந்தது!

"அது... தா.பழூரு ராஜராஜன் வண்டியாச்சே!"

2

"மேடம்... கேஸு ரொம்ப சிம்பிள். ஹேண்டில் போட்டாரு. பேக் அடிச்சுது. ஆளு காலி!"

சொன்னவர் ஹெட் கான்ஸ்டபிள் பழனிவேல். பணி ஓய்வு நெருங்க நெருங்க வாய் மட்டும் இளமையாகிக்கொண்டே போகிற மனிதர்.

சப்-இன்ஸ்பெக்டர் பூவிழி கார் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பேக் அடிக்கிறதுன்னா என்ன?"

"அந்தக் காலத்து வண்டிக்கு மூக்குல ஒரு ஓட்டை இருக்கும் மேடம். அதுல ஹேண்டிலை விட்டு, கையால சுத்தி இன்ஜினைக் கெளப்பணும். சில நேரம் இன்ஜின் எதிர்ப் பக்கமா ஒதைச்சிரும். நம்ம டிப்பார்ட்மெண்ட்டுலயே பழைய ஜீப் ஒண்ணு இருந்துச்சு. டிரைவரு மணிக்கட்டு ரெண்டா போச்சு!"

"மணிக்கட்டா?"

"ஆமா. புடிச்சிருக்கறது கைதானே? மொத அடி கைக்குத்தான்."

பூவிழி சாமிதுரையின் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு முறியவில்லை. விரல்களில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

இடது கையும் அப்படியே!

"அப்ப இது என்ன கணக்கு? ஹேண்டிலைப் புடிச்சவரு கைல ஒண்ணுமே ஆகல. நேரா நெத்தியைப் பொளந்திருக்கு..."

பழனிவேலின் கண்கள் விரிந்தன.

"அப்படின்னா... எவனோ ஹேண்டிலை எடுத்து மண்டையிலயே போட்டுட்டு, தானா பேக் அடிச்ச மாதிரி செட்டப் பண்ணிட்டான்!"

"இருக்கலாம்." பூவிழி எழுந்தாள். "போட்டோகிராபரைக் கூப்புடுங்க. பானட்டைத் தெறந்து இன்ஜினையும் எல்லாப் பக்கமும் எடுக்கச் சொல்லுங்க. ஷெட்டைப் பூட்டி சாவியை எங்கிட்ட குடுங்க."

வீட்டுக்குள் ஜெயலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தொட்ட வயசு. முந்தானையை உடம்பு முழுக்க இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமாங்க?"

"நான்... அடுப்படியில இருந்தேன். டமார்னு சத்தம். ஓடியாந்து பார்த்தா கெடந்தாரு."

"வேற யாரையும் பார்க்கலயா?"

"இல்ல."

பதில் வேகமாக வந்தது. கொஞ்சம் அதிக வேகமாக!

"ராஜராஜன் உங்களுக்கு என்ன வேணும்?"

ஜெயலட்சுமியின் இமைகள் ஒரு கணம் படபடத்தன.

"தாய்மாமன் மகன். இது எங்க அப்பாவோட காருங்க. ராஜராஜன் மாமா வண்டி ஓட்டப் பழகுனதே இதுலதான். அப்பா போனதும் கார் இங்க வந்துருச்சு. மாமா அதை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. இவரு தர மாட்டேன்னுட்டாரு."

வெளியே வந்ததும் அமாவாசை பூவிழியை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா... நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. போன வாரம் இந்த வாசல்லயே பெரிய சண்டை. 'நீ காரைப் பாக்க வரியா, என் பொண்டாட்டியைப் பாக்க வரியா?'ன்னு அய்யா கேட்டுட்டாரு..."

"அதுக்கு ராஜராஜன் என்ன சொன்னாரு?"

"'அந்த ஹேண்டிலாலயே உன் மண்டையை ஒடைப்பேன்டா'ன்னு சொல்லிட்டுப் போனாரும்மா!"

3

ராஜராஜனால் வெகுதூரம் போக முடியவில்லை.

அரியலூருக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையின் வாலில் அவருடைய மஞ்சள் ஹெரால்ட் கார் மாட்டிக்கொண்டது. போலீஸ் ஜீப் வந்து பக்கத்தில் நின்றபோது மனிதர் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

பெரம்பலூர் ஸ்டேஷன்.

"நான் கொல்லலம்மா! எங்க குலதெய்வத்து மேல சத்தியமா கொல்லல!"

தா.பழூரில் ரைஸ் மில் வைத்திருக்கிற, ஆறடி உயர மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"அப்ப எதுக்கு குரும்பலூருக்குப் போனீங்க?"

"அவருதான் வரச் சொன்னாரு. நேத்து சாயந்திரம் போன் பண்ணாரு."

பூவிழி போனை வாங்கிப் பார்த்தாள். சாமிதுரையின் அழைப்பு இருந்தது.

"மண்டையை ஒடைப்பேன்னு சொன்ன ஆளை வூட்டுக்கு வரச் சொல்றாரா? எதுக்கு?"

"பந்தயம் கட்டத்தான்! 'வந்து ஹேண்டில் போடு. ஒரே சுத்துல வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா நீயே எடுத்துட்டுப் போ. ஆகலைன்னா இனிமே என் வூட்டுப் படியை மிதிக்கக் கூடாது'ன்னாரு."

பழனிவேல் சிரித்துவிட்டார்.

"சார், அந்த ஆளு அந்தக் காருக்குக் கொசுவலை கட்டாத கொறையா பாதுகாத்திருக்காரு. அதைப் போயி பந்தயத்துல வைப்பாரா?"

"எனக்கும் அந்த சந்தேகம் வந்துச்சுங்க. ஆனாலும் ஆசை விடல. அந்த வண்டி எங்கிட்ட ஒரு தடவைகூட மக்கர் பண்ணதில்ல. சின்ன வயசுலேருந்து எனக்கு அது கைப்பழக்கம். ஜெயிச்சுருவேன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன்..."

"வந்து?"

"ஷெட்டுல எட்டிப் பார்த்தேன். அவரு ரத்தத்துல கெடந்தாரு. ஏற்கனவே வாயை விட்டிருக்கோம், பழி நம்ம மேலதான் விழும்னு பயந்து ஓடிட்டேன்."

"உள்ள வேற யாரு இருந்தா?"

ராஜராஜன் நிமிர்ந்தார். உடனே குனிந்துகொண்டார்.

"யாரும் இல்ல. அவரு மட்டும்தான்."

பூவிழி நாற்காலியில் சாய்ந்தாள்.

அமாவாசை ஷெட்டுக்குள் நுழைந்தபோது ஜெயலட்சுமி சாமிதுரையின் தலையை மடியில் வைத்திருந்தாள். ராஜராஜனின் கார் அப்போதுதான் தெருவை விட்டுக் கிளம்பியது. அப்படியானால் இந்த மனிதர் அவளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது!

அவள் 'யாரையும் பார்க்கலை' என்கிறாள். இவர் 'யாரும் இல்லை' என்கிறார்.

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

டெலிபோன் அடித்தது. எதிர்முனையில் இன்ஸ்பெக்டர்.

"என்ன பூவிழி, ஆளைத்தான் புடிச்சாச்சே? ஊர்ல சாமிதுரையோட சொந்தக்காரங்க கூட்டம் கூடுது. ரிமாண்டுக்கு ரெடி பண்ணுங்க."

"சார்... இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"எதுக்கு?"

"அந்த ஹேண்டில்மேல எனக்கு இன்னும் சந்தேகம் தீரல சார்!"

4

மத்தியானம் குரும்பலூர் ஷெட் முன்னால் ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது.

பூவிழி வரச் சொல்லியிருந்த அரியலூர் வைத்திலிங்கம் இறங்கினார். சுரங்கத்தில் மெஷின் பிரிவில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துப் பழைய கார் பிரியர்களும் சேர்ந்து நடத்துகிற சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சாமிதுரையும் ராஜராஜனும் அந்தச் சங்கத்திலும் அடிக்கடி முட்டிக்கொள்வார்கள்.

"தங்கமான மனுஷன் மேடம்." வைத்திலிங்கம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "நான் என்ன செய்யணும்?"

"ஒரு விஷயம் தெரியணும் சார். இந்தக் கார் தானா பேக் அடிச்சிருக்குமா?"

"டைமிங் சரியா இருந்தா அடிக்காது."

"டைமிங்குன்னா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

வைத்திலிங்கம் கொஞ்சம் யோசித்தார்.

"ஊஞ்சல் ஆட்டியிருக்கீங்களா? நம்மகிட்ட வந்து நின்னு திரும்புற நேரத்துல தள்ளுனா ஜம்முன்னு போவும். அதுவே இன்னும் வேகமா வந்துட்டிருக்கறப்ப தள்ளுனா?"

"நம்ம கைதான் ஒடையும்."

"அதேதான்! இன்ஜினுக்குள்ள பிஸ்டன் மேல ஏறி வரும். அது உச்சிக்கு வர்ற நேரத்துல தீப்பொறி அடிக்கணும். பொறி ரொம்ப முந்திருச்சுன்னு வைங்க, ஏறிவர்ற பிஸ்டனை அப்படியே கீழ தள்ளிவிட்ரும். ஹேண்டில் எதிர்ப் பக்கமா சாட்டை மாதிரி சுழலும்."

"பொறியை முந்த வைக்க முடியுமா? வேணும்னே?"

வைத்திலிங்கத்தின் பார்வை பானட்டுக்குப் போய்த் திரும்பியது.

"பொறியை நேரம் பார்த்து அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒண்ணு இருக்கு. அதோட போல்ட்டைத் தளர்த்தி, லேசா திருப்புனா போதும்..."

"இப்ப அது எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

அவர் தன் டூல் பெட்டியைத் திறந்தார்.

பழனிவேல் வாயைப் பிளந்தார். நகைக்கடைப் பெட்டி தோற்றுவிடும்! உள்ளே சிவப்பு வெல்வெட் துணி. ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம். விசிறி மாதிரி விரிகிற மெல்லிய தகடுகள், ஒயர் கோர்த்த சின்ன டைமிங் பல்பு, குட்டி குட்டி ஸ்பானர்கள்.

நடுவில் ஒரே ஒரு பள்ளம் மட்டும் காலியாக இருந்தது. பாம்பு நெளிந்த மாதிரி வளைந்த ஒரு பள்ளம்.

பூவிழியின் பார்வை அங்கே ஒரு கணம் நின்று நகர்ந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். பெட்ரோல் வாடை தலைவலிக்கும். ஏட்டய்யா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

பழனிவேல் தண்ணீருக்குப் போனார். பூவிழி வாசல் பக்கம் போய் நின்று போனில் பேசுகிற மாதிரி நின்றாள். வைத்திலிங்கம் அலமாரியில் எதையோ துழாவினார். பானட்டுக்குள் குனிந்தார். முதுகுதான் தெரிந்தது. ஏதோ உலோகம் உரசுகிற சத்தம்...

பிறகு நிமிர்ந்தார். பல்பை மாட்டி, தன் அம்பாசடரின் ஹேண்டிலைச் செருகி மெதுவாகச் சுற்றினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாருங்க மேடம்! பிஸ்டன் உச்சியைக் காட்டுற கோட்டுக்கு நேரா வந்ததும் எரியுது. டைமிங் கச்சிதமா இருக்கு!"

"அப்ப பேக் அடிக்க வாய்ப்பே இல்ல?"

"இல்லவே இல்ல."

பழனிவேல் தண்ணீர்ச் சொம்போடு துள்ளினார்.

"அப்ப ராஜராஜன்தான் மேடம் கொலைகாரன்! கையால எடுத்து ஒரே அடி!"

"சரி சார், ரொம்ப நன்றி. டூல்ஸை எடுத்து வச்சுக்குங்க." என்றாள் பூவிழி.

வைத்திலிங்கம் பெட்டியை மூடப் போனார்.

"ஒரு நிமிஷம்!"

பூவிழியின் கை பெட்டியின் மூடியைப் பிடித்தது.

"தெறக்கறப்ப இந்தப் பள்ளம் காலியா இருந்துச்சு. இப்ப இதுல ஒரு வளைஞ்ச ஸ்பானர் படுத்திருக்கு. எங்கேருந்து வந்துச்சு சார்?"

வைத்திலிங்கத்தின் முகம் வெளிறியது.

"அது... பெட்டிக்குள்ளயே அடியில..."

பூவிழி தன் போனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இது காலையில எங்க போட்டோகிராபர் எடுத்த படம். இந்த டிஸ்ட்ரிபியூட்டர் கிளிப் பேட்டரியைப் பார்த்து இருக்கு. இப்ப குனிஞ்சு பாருங்க, சுவத்தைப் பார்க்குது. நான் பூட்டி வச்சிருந்த ஷெட்டுல, என் கண்ணு முன்னாடியே அதைத் திருப்பி வச்சுட்டீங்க!"

"மேடம்..."

"காலையில டைமிங் தப்பா இருந்திருக்கு. அதை நீங்க மறைக்கிறீங்க. சொல்லுங்க... எதுக்காக அவரைக் கொன்னீங்க?"

"நான் கொல்லல மேடம்!" வைத்திலிங்கம் கதறினார். "நான் காப்பாத்தத்தான் பார்த்தேன்!"

"யாரை?"

"செத்துப்போனவரை!"

பூவிழி பெட்டியின் மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

"நேத்து மத்தியானம் சாமிதுரை அரியலூருக்கு எங்க வூட்டுக்கு வந்தாரு. இந்த ஸ்பானரை இரவல் கேட்டாரு. மோரிஸ் வண்டியில அந்த போல்ட்டுக்கு சாதாரண ஸ்பானர் நுழையாது. எடுத்துக் குடுத்தேன். போறப்ப சிரிச்சுக்கிட்டே கேட்டாரு... 'ஏன் சார், ஹேண்டில் போடுறவன் கை ஒடையணும்னா இதை எவ்வளவு தூரம் திருப்பணும்?'னு."

"நீங்க?"

"நானும் சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்துட்டேன் மேடம்!"

வைத்திலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில சேதி கேட்டதும் எனக்கு வெளங்கிருச்சு. ராஜராஜனை வரச் சொன்னதே கையை ஒடைக்கறதுக்குத்தான். இனிமே அவன் எந்த வண்டியும் தொடக் கூடாது, இந்த வூட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு..."

"அதைச் சொல்லாம, ராஜராஜன் மேல கொலைப்பழி விழட்டும்னு விட்டுட்டீங்களா?"

"சொன்னா நான் சொல்லிக் குடுத்ததும் வெளிய வருமே... செத்த மனுஷன் பேரும் கெடும். புத்தி கெட்டுப்போச்சு மேடம்."

பூவிழி காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாமிதுரை பொறி வைத்தார். சரி. ராஜராஜன் வருவதற்குக் காத்திருந்தார். அதுவும் சரி.

ஆனால் தான் வைத்த பொறியில் தானே போய் எதற்காகக் கை வைக்க வேண்டும்?

இல்லை... அவர் கைதான் ஹேண்டிலைத் தொடவே இல்லையே!

பூவிழி விருட்டென்று திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள்.

5

கூடத்தில் உறவுக்காரப் பெண்கள் இருந்தார்கள். பூவிழி அவர்களை வெளியே இருக்கச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். ஜெயலட்சுமிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா... உங்க வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க."

ஜெயலட்சுமி முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பூவிழியே முந்தானையை விலக்கினாள்.

உள்ளங்கை கன்றிச் சிவந்து வீங்கியிருந்தது. விரல்களின் அடியில் தோல் உரிந்திருந்தது.

"ஹேண்டில் போட்டது நீங்கதானே?"

காலையிலிருந்து அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. ஜெயலட்சுமி பூவிழியின் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"நான்தாம்மா கொன்னுட்டேன்! நான்தான்...! என்னைக் கூட்டிட்டுப் போயிரு!"

"அழாதீங்க. என்ன நடந்துச்சு?"

"காலையில எந்திரிச்சதும் சொன்னாரு... 'உன் மாமன் வரான். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டா கார் அவனுக்கு'ன்னு. ரெண்டு பேரும் நேருக்கு நேரா நின்னா வெட்டுக்குத்துல முடியும். கார் முன்னாடியே ஓடிக்கிட்டு இருந்தா பந்தயம் எதுக்குன்னு நெனச்சேன். அவரு கொல்லைப் பக்கம் குளிக்கப் போனப்ப ஷெட்டுக்குப் போயி சாவியைப் போட்டேன். எனக்கு ஹேண்டில் போடத் தெரியும்மா. வயசுப் பொண்ணா இருந்தப்பவே எங்க அப்பா கத்துக் குடுத்துருக்காரு. கட்டை வெரலை மடக்காம புடிக்கணும், இல்லைன்னா கையைக் கொண்டு போயிரும்பாரு..."

"அப்புறம்?"

"இழுக்கப் போறேன்... பின்னாடி அவரு சத்தம். 'ஜெயா, தொடாத! தொடாத!'ன்னு ஈரத் தலையோட ஓடியாறாரு. அதுக்குள்ள நான் மேல இழுத்துட்டேன். என் தோளைப் புடிச்சு அப்பால தள்ளுனாரு. நான் போயி செவுத்துல விழுந்தேன். டமார்னு சத்தம். திரும்பிப் பார்த்தா..."

இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ராஜராஜன் எப்ப வந்தாரு?"

"அவரு கெடக்கறப்பவே. நான்தான் 'போயிரு மாமா, உன்னைப் பார்த்தா ஊரே வேற கதை கட்டும்'னு வெரட்டிவிட்டேன். அப்புறம்தான் கத்துனேன். அதுவரைக்கும் எனக்குச் சத்தமே வரல."

பூவிழி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

எப்படிச் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியாது. நாளைக்குக் கோர்ட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வாயால் கேட்பதைவிட, இன்றைக்கு இங்கே கேட்பது மேல்.

சொன்னாள். இரவல் வாங்கின ஸ்பானர், திருப்பி வைத்த டைமிங், ராஜராஜனின் கைக்கு வைத்த குறி... எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெயலட்சுமி அழுவதை நிறுத்தினாள்.

"என் மேல அவ்வளவு சந்தேகமா...?"

பூவிழி அவள் கையை விடவில்லை.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமாம்மா? 'மாமனுக்காக காரை ரெடி பண்றியா'ன்னு கோவத்துலதான் தள்ளுறாருன்னு நெனச்சேன். விழுறப்பகூட மனசுக்குள்ள அவரைத் திட்டிக்கிட்டேதான் விழுந்தேன்."

"தள்ளுறப்ப அவரு முகத்தைப் பார்த்தீங்களா?"

ஜெயலட்சுமி கண்களை மூடினாள்.

"பார்த்தேன். கோவமே இல்ல அதுல. பயம்... இத்தனை வருஷத்துல அவரு பயந்து நான் பார்த்ததே இல்ல."

"அந்த ஹேண்டில் என்ன செய்யும்னு இந்த வூட்ல அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் குறுக்க வந்தாரு."

"சந்தேகப்பட்ட மனுஷனா எனக்காக..."

"ரெண்டும் ஒரே மனுஷன்தாங்க."

கதவுக்கு வெளியே யாரோ ஐஸ் பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டார்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து சாமிதுரை சாயங்காலம் வீட்டுக்கு வரப்போகிறார்.

ஜெயலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீங்கிய கையை இப்போது மறைக்கவில்லை.

"மாமாவை விட்ருங்கம்மா. அவரு எங்க சொந்தக்காரங்க முன்னாடி வரட்டும். வந்து ஒரு மாலை போடட்டும். யாராச்சும் ஏதாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

6

ஜீப் பெரம்பலூர் ரோட்டில் திரும்பியது. பின் சீட்டில் வைத்திலிங்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தடயத்தைக் கலைத்ததற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பூவிழி இன்ஸ்பெக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"சரி... ராஜராஜனை அனுப்பிருங்க. அந்தம்மா மேல ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட்டை நீங்களே எழுதுங்க."

போனை வைத்ததும் பழனிவேல் மெல்லக் கனைத்தார். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே உலக அதிசயம்.

"மேடம்... ஒரு சந்தேகம்."

"இன்னைக்கு இந்த ஜில்லாவுல சந்தேகம் இல்லாத ஆள் யாரு ஏட்டய்யா? கேளுங்க."

"சதி பண்ணவரு பேரு சாமிதுரை. அதுல செத்தவரு பேரு சாமிதுரை. செத்து ஒரு உயிரைக் காப்பாத்துனவரு பேரும் சாமிதுரை..."

"ஆமா. அதுக்கென்ன?"

"இல்ல... கோர்ட்டுல டவாலி வாசல்ல நின்னு ஒரே பேரை மூணு தடவ கூப்புடுவாரே... இத்தனை வருஷ சர்வீஸ்ல இன்னைக்குத்தான் மேடம் எனக்கு அது ஏன்னு புரிஞ்சுது!"